பனிமலை தந்த பெருவெள்ளம்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். அவர்கள் கண்ட பனி, புல்லின் நுனியில் முத்தெனத் திரண்டு, கதிரவன் எழுந்ததும் மறைந்து போவது. உலகின் வேறு சில பகுதிகளிலோ பனி என்பது வானிலிருந்து வெண்பஞ்சுபோல் விழுந்து, மலைமேல் ஆளுயரத்துக்கும் மேலாகக் குவிந்து, மாதக்கணக்கில் உருகாமல் கிடப்பது. அந்நாடுகளில் மலைப்பனி ஓர் இயற்கை நீர்த்தேக்கமாகும். குளிர்காலத்தில் நீரைச் சேர்த்து வைத்துக் கோடையில் சிறிது சிறிதாக ஆற்றுக்கு வழங்குவது அதன் இயல்பு. அத்தேக்கம் கோடை வரும்வரை பொறுக்காமல், குளிர்கால மழையோடு சேர்ந்து சில நாள்களுக்குள் இறங்கிவிட்டால் என்ன நேரும்? இவ்வினாவுக்கு வரலாறு அளித்த விடைகளுள் ஒன்று, 1862 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை மூழ்கடித்த பெருவெள்ளமாகும்.

அவ்வெள்ளத்தின் கதை நீரின் கதை மட்டுமன்று. ஒரு சமுதாயம் யாரை நினைவில் வைக்கிறது, யாரை மறந்து விடுகிறது என்பதையும் அது காட்டுகிறது. ஆதலின், வரலாறு கற்பிப்போரும் கற்போரும் அதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

நிலமும் நகரமும்

கலிபோர்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டிச் சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 மைல் நீண்டு கிடக்கின்றது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய விட்னி 14,500 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. மேற்கே பசிபிக் கடலோரமாகத் தாழ்ந்த மலைத்தொடர்கள் உள்ளன. இவற்றுக்கிடையே ஒரு பெரிய தொட்டிபோல் அமைந்துள்ளது நடுப்பள்ளத்தாக்கு. அதன் வடபகுதியில் சாக்ரமெண்டோ ஆறும், தென்பகுதியில் சான் வாக்கீன் ஆறும் பாய்கின்றன. இரண்டும் கலந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வழியே கடலை அடைகின்றன. அத்துணைப் பெரிய பள்ளத்தாக்கின் நீர் கடலுக்குச் செல்ல வாய்த்தது அந்த ஒரு குறுகிய வாயிலே.

1848 சனவரி 24 ஆம் நாள், அம்மலையடிவாரத்தில் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தனர். 1850 இல் கலிபோர்னியா அமெரிக்க ஒன்றியத்தின் 31 ஆவது மாநிலமாயிற்று. சாக்ரமெண்டோ ஆறும் அமெரிக்கன் ஆறும் கூடுமிடத்தில், பொன் தேடுவோர்க்குப் பண்டம் விற்கும் வணிகர்கள் ஒரு நகரை எழுப்பினர். படகுத்துறைக்கு ஏற்ற இடம் என்பதையே அவர்கள் கருதினர். வெள்ளத்துக்கும் அதுவே ஏற்ற இடம் என்பதைக் கருதிலர். 1850 சனவரியிலேயே நகரம் நீரில் மூழ்கியது. கரைகள் எழுப்பப்பட்டன. 1852 இல் மீண்டும் வெள்ளம் புகுந்தது. ஆயினும் நகரம் இடம் மாறவில்லை; 1854 இல் அதுவே மாநிலத்தின் தலைநகரமும் ஆயிற்று.

வானில் ஓடும் ஆறு

இத்தகைய பெருமழை எங்கிருந்து வருகிறது? அக்காலத்து மக்களுக்கு இதற்கு விடை தெரியாது. இன்றைய வானிலை அறிஞர் இதனை 'வளிமண்டல ஆறு' என்று அழைக்கின்றனர். 1990 களில் வழக்குக்கு வந்த பெயர் இது. வெப்பமண்டலக் கடலின்மேல் எழும் நீராவி, சில நூறு மைல் அகலமும் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட பட்டையாகத் திரண்டு, காற்றால் உந்தப்பட்டு வட அமெரிக்காவின் மேற்குக் கரையை வந்து தாக்குகிறது. ஹவாய்த் தீவுகளின் பக்கத்திலிருந்து வருவதற்கு 'அன்னாசி விரைவு வண்டி' என்ற வேடிக்கைப் பெயரும் அங்கு வழங்குகிறது.

ஈரக்காற்று மலையில் மோதியதும் மேலெழுகிறது, மேலெழுந்தால் குளிர்கிறது, குளிர்ந்தால் நீராவியைத் தாங்கும் ஆற்றல் குறைகிறது. எனவே மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே மழை, அதற்கு மேலே பனி. அவ்வெல்லை எந்த உயரத்தில் அமைகிறது என்பதைப் பொறுத்ததே பள்ளத்தாக்கின் நல்வாழ்வு. குளிர்ந்த புயலாயின் எல்லை தாழ்ந்து, நீரில் பெரும்பகுதி பனியாக மலைமேல் தங்கும். வெம்மையான புயலாயின் எல்லை உயர்ந்து, பனி விழவேண்டிய இடத்திலும் மழை விழும். முன்னரே கிடக்கும் பனியும் ஈரமான வெங்காற்றால் உருகி அம்மழையோடு சேரும். 1862 இல் நிகழ்ந்தது இதுவே.

புயல்களின் வரிசை

1861 நவம்பர் முதற்கொண்டே வடக்கேயுள்ள ஓரிகன் மாநிலத்தில் மழை மிகுந்திருந்தது. திசம்பரில் அங்கே வில்லாமெட் ஆறு பெருகிச் சாம்போயிக் என்னும் ஊரையே அடித்துச் சென்றது. 1843 இல் குடியேறிகள் கூடித் தமக்கென ஓர் அரசு அமைக்க வாக்களித்த ஊர் அது.

திசம்பர் 9 ஆம் நாள் அமெரிக்கன் ஆற்றின் கரை உடைந்து சாக்ரமெண்டோ நகருக்குள் நீர் புகுந்தது. ஈண்டு ஒரு விந்தை நிகழ்ந்தது. நகரைக் காக்க எழுப்பிய மற்றக் கரைகளே, உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாமல் தடுத்து நின்றன. நகரம் கிண்ணம்போல் நிரம்பியது. காக்கக் கட்டிய கரையை மக்களே வெட்டித் திறக்க நேர்ந்தது.

அதன்பின்னும் புயல்கள் ஓயவில்லை. குளிர்ந்த புயல்கள் மலையில் பத்தடிக்கும் மேலாகப் பனியைக் குவித்தன. சனவரி இரண்டாம் வாரத்தில் வெம்மையான புயல் வந்தது. 9 ஆம் நாள் முதல் 12 ஆம் நாள் வரை மலையிலிருந்து இறங்கிய வெள்ளம், முன்னைய வெள்ளத்தினும் பெரிதாயிற்று. சான் பிரான்சிஸ்கோ நகரில் அவ்வொரு திங்களில் மட்டும் 24 அங்குலத்துக்கு மேல் மழை பதிவாயிற்று. நடுப்பள்ளத்தாக்கு ஒரு கடலாயிற்று. மாநில நில ஆய்வுக் குழுவில் பணியாற்றிய வில்லியம் புரூவர் என்பார், அந்நீர்ப்பரப்பு 250 முதல் 300 மைல் நீளமும் சராசரி 20 மைல் அகலமும் இருந்ததாகத் தம் தம்பிக்கு மடல் எழுதினார். தந்திக் கம்பங்களின் உச்சியும் நீருள் மறைந்த இடங்கள் உண்டு. ஆற்றை விட்டுப் பல மைல் தள்ளியிருந்த பண்ணைகளின்மேல் நீராவிப் படகுகள் ஓடிக் கால்நடைகளை மீட்டன.

தென்பகுதியும் தப்பவில்லை. சனவரி 22 இல் சாண்டா ஆனா ஆறு ஆகுவா மான்சா என்னும் சிற்றூரை அழித்தது. ஆலய மணியை ஒலித்து மக்களை எழுப்பியமையால் அங்கே உயிர்ச்சேதம் இல்லாது போயிற்று. ஊர் அழிந்தது, மக்கள் பிழைத்தனர்.

படகில் வந்த ஆளுநர்

சனவரி 10, வெள்ளிக்கிழமை. அன்று மாநிலத்தின் புதிய ஆளுநராக லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு பதவியேற்கும் நாள். தெருவெல்லாம் ஆறாக ஓடியமையால் அவர் படகேறிச் சென்று பதவியேற்றார். திரும்பி வந்தபோது மேல்மாடிப் பலகணி வழியாகவே தம் இல்லத்தினுள் புகுந்தார் என்பது இன்றும் சுவையாகச் சொல்லப்படும் செய்தி. அத்திங்கள் முடிவதற்குள் சட்டமன்றம் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு மாறிச் சென்றது.

படகை நினைவுகூர்வோர் பலர். அன்று அவர் ஆற்றிய உரையை நினைவுகூர்வோர் சிலரே. அவ்வுரையில் அவர் ஆசிய நாட்டு மக்களைத் தாழ்ந்த இனத்தார் என்று குறித்து, அவர்களுடைய குடியேற்றம் தடுக்கப்படவேண்டும் என்றார். அவர் சுட்டியது சீனரையே. 1860 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கலிபோர்னியாவில் 34,933 சீனர் வாழ்ந்தனர். அவர்களுள் பலர், மற்றவர்கள் கைவிட்டுப்போன ஆற்றுத்திட்டுகளில் குடில் அமைத்து, எஞ்சிய பொன்துகளை அரித்தெடுத்து வாழ்ந்தவர்கள். அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரியின் சுமை பெரும்பாலும் அவர்கள்மீதே விழுந்தது. வெள்ளையர்க்கு எதிராக அவர்கள் சான்று சொல்லலாகாது என 1854 இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

வெள்ளம் முதலில் வந்து மோதிய இடம் அந்த ஆற்றுத்திட்டுகள்தாம். மலையாறுகளின் ஓரத்தில் சீனத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக இறந்ததை அந்நாளைய செய்தித்தாள்கள் குறித்தன. எண்ணிக்கையைத்தான் குறித்தன, பெயர்களைக் குறிக்கவில்லை. வெள்ளம் வடிந்து சில திங்களுக்குள், 1862 ஏப்பிரலில், சீனர்மீது மேலும் ஒரு மாத வரி விதிக்கும் சட்டம் நிறைவேறியது. பின்னர் மாநில உச்ச நீதிமன்றமே அதனைச் செல்லாதெனத் தள்ளியது.

வரலாற்றின் முரண் இத்துடன் முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு சென்ட்ரல் பசிபிக் இரயில்வே நிறுவனத்தின் தலைவருமாவார். வெள்ளத்தை அனுப்பிய அதே சியரா நெவாடா மலையைக் குடைந்து பாதை போட ஆள் வேண்டியபோது, அந்நிறுவனம் சீனரையே நாடியது. 1866-67 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் 44 புயல்கள் அம்மலையைத் தாக்கின. பனிச்சரிவுகளில் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தன. கங்காணி போன்ற கூட்டத் தலைவர்களிடம் ஊதியம் மொத்தமாகக் கொடுக்கப்பட்டமையால், அத்தொழிலாளருள் பெரும்பாலோர் பெயர் நிறுவனத்தின் ஏடுகளில் ஏறவில்லை. 1869 மே 10 ஆம் நாள் கிழக்கையும் மேற்கையும் இணைத்த பாதையில் பொன் ஆணியை அறைந்தவர் ஸ்டான்ஃபோர்டு. அவர் பெயர் ஏட்டில் உண்டு.

வெள்ளம் விட்டுச் சென்றவை

மாநிலத்தின் கருவூலம் வறண்டது. அரசு ஊழியர்க்கு ஊதியம் தடைப்பட்டது. புரூவரும் அவ்வாறு காத்திருந்தவர்களுள் ஒருவர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் கால்நடைகள் மாண்டன என மதிப்பிடுவர். அடுத்து 1864 வரை நீடித்த வறட்சி எஞ்சியவற்றையும் வாட்டியது. மெக்சிகோ ஆட்சிக்காலத்திலிருந்து தொடர்ந்த பெரும் மாட்டுப்பண்ணை வாழ்வு அத்துடன் சரிந்து, உழவு அதன் இடத்தைப் பிடித்தது.

மனிதர் செய்த பிழையும் இதில் உண்டு. 1853 முதல் பொன் தேடுவோர் நீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளையே கரைத்து வந்தனர். அவ்வண்டலும் கல்லும் வெள்ளத்தோடு இறங்கி ஆற்றுப்படுகையை மேடாக்கின. மேடான ஆறு எளிதில் கரை மீறியது. 1884 இல் நீதிமன்றம் தடுக்கும்வரை அச்செயல் தொடர்ந்தது.

சாக்ரமெண்டோ மக்கள் தெருக்களை மண்ணிட்டு உயர்த்தினர். பழைய கீழ்த்தளங்கள் நிலத்தடியே இன்றும் உள்ளன. ஆற்றைக் கரைகளுக்குள் அடக்குவதே போதும் என்ற நம்பிக்கை மெல்லத் தளர்ந்தது. 1917 இல் ஒப்புதல் பெற்ற வெள்ளத் தடுப்புத் திட்டம், பெருக்கெடுக்கும் நீர் பரவுவதற்கென்றே அகன்ற வடிகால் நிலத்தை ஒதுக்கியது. யோலோ வடிகால் என்பது அது. ஆற்றுக்கு அதன் இடத்தைத் திருப்பித் தருதலும் ஒரு காப்பே என்பதை உணர அரை நூற்றாண்டு ஆயிற்று.

முன்னரே உணர்ந்தோரும் இருந்தனர். வெள்ளம் வருவதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே, மேரிஸ்வில் பக்கத்துப் பழங்குடி மக்கள் பெருவெள்ளம் வருமெனக் கூறி மலையடிவாரத்துக்குப் பெயர்ந்துவிட்டனர் என்ற செய்தி அந்நாளைய இதழொன்றில் வெளிவந்தது. படித்தவர் அதனைப் படித்தனர். கேட்டு நடந்தவர் அரியர். நூலேட்டில் இல்லாத வரலாறு பாட்டன் வாய்மொழியில் இருந்தது. அதனை மதிக்கும் மனம் நகரத்தாரிடம் இல்லை.

முடிவுரை

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. போர்ச் செய்திகளின் ஆரவாரத்தில் வெள்ளத்தின் நினைவு விரைவில் மங்கியது. பின்னாளில் வெள்ளம் பரவிய அதே நிலத்தில் இலட்சக்கணக்கானோர் வீடு கட்டிக் குடியேறினர். கடலடிப் படிவுகளை ஆராய்ந்தோர், இத்தகைய வெள்ளங்கள் ஒன்று அல்லது இரண்டு நூற்றாண்டுக்கு ஒருமுறை வந்துள்ளன என்பர். 2017 பிப்ரவரியில் தொடர்மழையால் ஓரவில் அணையின் உபரிநீர் வழிகள் அரிக்கப்பட்டபோது, 1,80,000 க்கும் மேற்பட்டோர் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது. புவி வெப்பமடைதலால் 1862 ஐ ஒத்த பேரிடருக்குரிய வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகி விட்டதென 2022 இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. வெம்மை மிகுந்தால் பனியெல்லை மேலேறும். பனியாகத் தங்கவேண்டிய நீர் மழையாக இறங்கும்.

இயற்கை ஒருமுறை செய்ததை மறுமுறையும் செய்யும். அதனை மறந்த தலைமுறையே அதன் முன் கையற்று நிற்கும். ஆளுநர் ஏறிய படகைச் சுவையான செய்தியாகக் கற்பிப்பது எளிது. ஆற்றுத்திட்டில் பெயரின்றி மாண்டவனையும், பாட்டன் சொல் கேட்டு மேடேறியவனையும் சேர்த்துக் கற்பிக்கும்போதுதான் அது வரலாறாகும். அவ்விருவரையும் ஏட்டில் ஏற்றுதல் ஆசிரியர் கடன்; அவர்களைத் தேடிப் படித்தல் மாணவர் கடன்.