கருங்குழியின் அட்சம்: செங்கல்பட்டுச் சீமையில் நியூட்டனின் பூமி

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டித் தெற்கே போனால் மறைமலைநகரின் தொழிற்சாலைகள், செங்கல்பட்டின் கொளவாய் ஏரி, பாலாறு, படாளம் எல்லாம் கடந்து மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் கருங்குழி வரும். 12 பாகை 32 நிமிட வட அட்சம் அந்த ஊர் வழியாகப் போகிறது. இதே எண் 1805இல் கல்கத்தாவில் வெளிவந்த ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ எட்டாம் தொகுதியில் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. எழுதியவர் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன். சோழமண்டலக் கரையில் ஒரு பாகை அட்சத்தின் நீளம் எவ்வளவு என்பது கட்டுரையின் பொருள். இந்திய வரைபடம் பிறந்த கதையாகவே லாம்ப்டனின் வேலையைச் சொல்லிப் பழகிவிட்டோம். அதில் வானியலின் பெரிய வழக்கு ஒன்றும் இருந்தது. சுழலும் பூமியின் இடுப்பு பருத்திருக்கிறதா, இருந்தால் எவ்வளவு?

வழக்கைத் தொடங்கி வைத்தது ஒரு கடிகாரம். 1672இல் தென்னமெரிக்காவின் கயென் தீவுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் ஒழுங்காக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். 1687இல் வெளியான ‘பிரின்சிபியா’வில் நியூட்டன் இதற்குக் காரணம் சொன்னார். நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி ஈர்ப்பில் 289இல் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. துருவத்திலிருந்து மையத்துக்கு ஒரு வாய்க்கால், நிலநடுக்கோட்டிலிருந்து மையத்துக்கு இன்னொரு வாய்க்கால் வெட்டி இரண்டிலும் நீர் நிரப்பியதாக அவர் எண்ணிப் பார்த்தார். இரண்டும் சமன்பட்டு நிற்க வேண்டுமானால் நடுக்கோட்டு வாய்க்கால் 230இல் ஒரு பங்கு நீளமாக இருக்க வேண்டும். பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கும் வியாழன் தொலைநோக்கியில் கண்கூடாகத் தட்டையாகத் தெரிவது அவருக்குத் துணைநின்றது.

பாரிஸின் கசினி வானியலாளர் குடும்பம் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய அளவைப்படி பூமி துருவங்களை நோக்கி நீண்டிருந்தது. 1730களில் பிரெஞ்சுக் குழுக்கள் பெருவுக்கும் லாப்லாந்துக்கும் போய் அளந்த பிறகு தீர்ப்பு நியூட்டன் பக்கம் சாய்ந்தது. ஆனால் பருமன் எவ்வளவு என்பதில் இழுபறி நீடித்தது. வடபுலத்து அளவைகளோடு ஒப்பிட, வெப்ப மண்டலத்திலிருந்து நம்பத்தக்க அளவை வேண்டியிருந்தது.

அந்த இடத்தில்தான் லாம்ப்டன் வருகிறார். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலை அருகே, முக்கோணங்களுக்கு அடித்தளமான நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே வேண்டாமென்று விடப்பட்டு, கல்கத்தா வழியாக அவரிடம் வந்து சேர்ந்த சங்கிலி அது. சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி பார்த்துத் திருத்தம் செய்தே ஒவ்வொரு நீட்டலையும் எழுதினார்கள். முடிவில் கிடைத்தது 40,006 அடி, அதாவது சுமார் 12.2 கிலோமீட்டர். அங்கிருந்து குன்று குன்றாக முக்கோணங்கள் விரிந்தன. கருங்குழிக் குன்று அவற்றில் முக்கியமானது. மேற்கே தொலைவிலிருந்த கர்நாடிகர் மலையோடு அதை இணைத்தார்கள். தென்முனை கடலூர் அருகே திருவந்திபுரம், வடமுனை சென்னைக்கும் வடக்கே. இரண்டின் நடு அட்சம்தான் 12 பாகை 32 நிமிடம். மறைமலைநகரும் செங்கல்பட்டும் மாமல்லபுரமும் இந்த இரு முனைகளின் அட்சங்களுக்கு இடையில் அடங்கும்.

தரையில் தூரத்தை அளந்தால் வேலை பாதிதான் முடியும். இரு முனைகளிலும் உச்சி வானத்து விண்மீன்களைப் பார்த்து அட்சத்தைக் கணித்தால்தான் ஒரு பாகைக்கு எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியும். லாம்ப்டனுக்குக் கிடைத்த விடை 60,494 ஃபேதம், இன்றைய கணக்கில் சுமார் 110.6 கிலோமீட்டர். இன்றைய செயற்கைக்கோள் அளவையும் இந்த அட்சத்துக்கு அதே எண்ணைத்தான் தருகிறது. வளைவு தட்டையான துருவத்தருகே ஒரு பாகை 111.7 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான இந்த வேறுபாட்டில் நியூட்டனின் கோட்பாடு நிற்கிறது. சங்கிலியும் மரப்பெட்டியும் கொண்டு இந்த நுட்பத்தை எட்டியவர்களின் உழைப்பை, கருங்குழியிலோ பரங்கிமலையிலோ, பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் ஊக்கமாகக் காட்ட வேண்டும்.

இன்னொரு சான்று நுங்கம்பாக்கத்தில் கிடைத்தது. 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1821இல் ஊசலை ஆட்டிப் பார்த்தார். லண்டனில் ஒரு நொடிக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசலின் நீளம் 39.139 அங்குலம், சென்னையில் 39.026 போதும். வேறுபாடு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் லண்டனில் திருத்தி வைத்த ஊசல் கடிகாரம் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிந்திவிடும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளெரோ 1743இல் தந்த சூத்திரத்தில் இந்த இரு நீளங்களையும் இட்டால் பூமியின் தட்டைமை நியூட்டனின் 1/230ஐ விட 1/300க்கு நெருக்கமாக வருகிறது. பூமி முழுவதும் ஒரே அடர்த்தி என்று நியூட்டன் கொண்டதே அவருடைய எண் மிகைப்பட்டதற்குக் காரணம். உள்ளே கனமான கருவம் இருக்கும்போது இடுப்பு அவ்வளவு பருக்காது.

இந்தப் பருமன் வானத்தில் செய்யும் வேலையைத் தமிழ் வீடுகள் நெடுங்காலமாக அறியும், பஞ்சாங்கத்தின் அயனாம்சமாக. சம பகலிரவு நாள் மார்ச் 20, 21இல் வருகிறது. சித்திரை முதல் நாளோ ஏப்ரல் 14. இடையிலுள்ள ஏறத்தாழ 24 நாளும், சம பகலிரவுப் புள்ளி விண்மீன்களுக்கிடையே மெல்ல நகரும் அயன நகர்வின் பலன். ஆண்டுக்குச் சுமார் 50 விகலை, 72 ஆண்டில் ஒரு பாகை. சூரிய சித்தாந்தம் இதை 27 பாகை வரை போய்த் திரும்பும் அலைவாகக் கொண்டது. சந்திரனும் சூரியனும் பூமியின் பருத்த இடுப்பைப் பிடித்து இழுப்பதால் அச்சு மெல்லச் சுற்றுகிறது என்று நியூட்டன் கண்டார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலாம்பேர் 1749இல் கணக்கைச் செம்மையாக்கினார். முன்னும் பின்னும் அலையாமல் ஒரே திசையில் போகும் சுற்று அது. முழுதாக முடிய சுமார் 26,000 ஆண்டு ஆகும்.

பூமியைச் சுற்றும் பொருள்களையும் அதே இடுப்பு திருப்புகிறது. 1957இல் ஏவிய இரண்டாம் ஸ்புட்னிக்கின் பாதைத் தளம் திரும்பிய வேகத்திலிருந்து தட்டைமை 1/298 என்று சில மாதங்களில் கணக்கிட்டுவிட்டார்கள். இன்று இதே திருப்பத்தை இந்தியப் பொறியாளர்கள் பயனுக்குக் கொள்கிறார்கள். 1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ தொலையுணர்வுச் செயற்கைக்கோள் 904 கிலோமீட்டர் உயரத்தில் ஏறத்தாழத் துருவப் பாதையில் சுற்றியது. அதன் பாதைத் தளம் நாளுக்கு 0.9856 பாகை திரும்ப வேண்டும். அப்போதுதான் ஒவ்வோர் இடத்தையும் எப்போதும் ஏறக்குறைய ஒரே வெயில் நேரத்தில் படம் பிடிக்க முடியும். எரிபொருள் செலவின்றித் திருப்பித் தருவது பூமியின் பருமன்தான். உருண்டையான பூமியில் அந்தப் பாதை அமையவே அமையாது.

பருமனோடு கதை முடியவில்லை. பூமிக்கடியிலுள்ள அடர்ந்த பாறை தூக்குக்குண்டைச் சற்றே சாய்த்துவிடும் என்று லாம்ப்டனே ஐயுற்றார். அந்த ஐயத்தின் பேருருவம் இந்தக் கரைக்குத் தெற்கே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கில் இந்தியப் பெருங்கடலின் ஈர்ப்புச் சமமட்டம், சீரான தட்டைக்கோளத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அதன் விளிம்பு மாமல்லபுரத்தையும் தொடுவதால், கடற்கரைக் கோயிலருகே நின்று அந்தத் தட்டைக்கோளத்திலிருந்தே அளக்கும், திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். உயரத்தைப் பார்த்தால் சுழிக்குக் கீழே 80 மீட்டருக்கும் கூடுதலாகக் காட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து தொடங்கி மேலெழுந்து பரவிய, சூடான, அடர்த்தி குறைந்த பாறையே இந்தத் தாழ்வுக்குக் காரணம் என்கிறது.