ஒரு பென்னி வசூல்

கடனிலிருந்தும் நல்ல காரியம் பிறக்கும் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஜான் வெஸ்லியின் சரித்திரத்தைப் படிக்கும் வரையில் நானும் சிரித்திருப்பேன்.

1738 மே 24-ம் தேதி இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் அந்தப் பாதிரியாரின் உள்ளத்தில் அனல் மூண்டது. மறு வருஷமே பிரிஸ்டல் நகரத்து வெட்டவெளியில் பிரசங்கம் செய்தார். ஜனங்கள் கதறி அழுதார்கள். சரி, வீடு திரும்பிய பிறகு? கண்ணீர் காய எத்தனை நாழிகை ஆகும்?

விடை 1742-ல் கிடைத்தது. பிரிஸ்டலில் கட்டிய பிரார்த்தனைக் கூடத்தின் கடனைத் தீர்க்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூல் என்று ஏற்பாடாயிற்று. வீடு வீடாகப் போன தலைவர்கள் காசை மட்டுமா கண்டார்கள்? ஒரு வீட்டில் குடியையும் இன்னொரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டையையும் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காசு வசூல் ஆத்ம விசாரணையாக மாறியது. வாரந்தோறும் கூடி, ஒருவர் உள்ளத்தின் நலத்தை ஒருவர் விசாரித்தார்கள். 1791-ல் அவர் காலமானபோது பிரிட்டிஷ் தீவுகளில் 70,000-க்கு மேற்பட்டோர் அந்தச் சங்கங்களில் இருந்தார்கள்.

அடுத்த நூற்றாண்டில் அந்த விசாரணை பல இடங்களில் வெறும் சடங்காய்த் தேய்ந்துபோனதும் உண்மைதான். அடுப்பில்லாத நெருப்பு வீட்டை எரிக்கும். நெருப்பில்லாத அடுப்பில் பூனைதான் தூங்கும்.