ஷியரித் இஸ்ரேல் சபை

ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பழைய யூதச் சபை; நியூயார்க்கில் உள்ளது. பிரேசிலின் ரெசிஃபே நகரை டச்சுக்காரரிடமிருந்து போர்ச்சுகீசியர் மீட்டபின் அங்கிருந்து வெளியேறிய 23 யூதர்கள், பின்னர் நியூயார்க் ஆன நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு 1654 செப்டம்பரில் வந்து சேர்ந்தனர். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களைத் துரத்தவே முனைந்தார். ஆனால் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியில் ஆம்ஸ்டர்டாம் யூதர்களும் பங்குதாரர்கள். தங்கள் ஏழைகளைத் தாங்களே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1655இல் கம்பெனி அவர்களைத் தங்க அனுமதித்தது. பொது வழிபாட்டுக்கு அனுமதியில்லாததால் வீடுகளிலேயே தொழுதனர்.

மில் தெருவில் கட்டிய தொழுகைக்கூடம் 1730இல், பாஸ்கா விழாவின் ஏழாம் நாள் திறக்கப்பட்டது. அதற்குள் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கனாசிகள். ஆனாலும் முன்னோடிகளின் போர்ச்சுகீசிய முறைப்படியே வழிபாடு தொடர்ந்தது.

முறைப்படி பட்டம் பெற்ற ரபி எனும் சமயகுரு ஒருவர்கூட இல்லாமல் இச்சபை தலைமுறை தலைமுறையாக நிலைத்ததுதான் அதன் வரலாற்றில் வியப்புக்குரியது. அப்படிப்பட்ட முதல் ரபியான ஆபிரகாம் ரைஸ் அமெரிக்கா வந்ததே 1840இல்தான். சபையின் நிர்வாகம் பர்னாஸ் எனும் தலைவரிடமும் மூப்பர்களிடமும் இருந்தது. ஹசான் தொழுகையை நடத்தினார். அன்றாட வாழ்வில், விலங்கறுக்கும் ஷோஹெட்டின் பணி அதைவிடக் குறைந்ததல்ல. விலங்கை விதிப்படி ஒரே சீராக அறுத்து, நுரையீரலில் பழுதுண்டா என்று கைவிட்டுப் பார்த்து, உண்ணத்தக்க இறைச்சிக்கு முத்திரையிடுவது அவர் வேலை. அவர் கை தவறினால் ஊர் முழுவதும் விலக்கப்பட்ட இறைச்சியை உண்டதாகிவிடும். இங்கிருந்து ஜமைக்காவுக்கும் குராசோவுக்கும்கூட இத்தகைய கோஷர் இறைச்சி ஏற்றுமதியானது.

நகருக்கு வெளியே வணிகம் செய்த சிலர் ஓய்வுநாளில் கடை திறப்பதாகவும் விலக்கப்பட்டதை உண்பதாகவும் 1757இல் புகார் வந்தது. திருந்தாதவர்களுக்குச் சபை உரிமையும் இறந்தபின் யூத முறை அடக்கமும் கிடையாது என மூப்பர்கள் எச்சரித்தனர். போக வேறு சபை இல்லாத ஊரில் இது கடுமையான தண்டனை.

நியூயார்க்கில் பிறந்த கெர்ஷோம் மெண்டஸ் சேஷாஸ் 1768இல் ஹசான் ஆனார். அமெரிக்க விடுதலைப் போரில், 1776இல் பிரிட்டிஷ் படை நெருங்கியபோது, தோரா எனும் மறைநூலின் சுருள்களை எடுத்துக்கொண்டு கனெக்டிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குச் சென்றார். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் பணியாற்றி, 1784இல் திரும்பினார். அதற்குள் 1777ஆம் ஆண்டின் நியூயார்க் அரசியல் சட்டம் யூதர்களுக்கும் சமய வழிபாட்டுச் சுதந்திரம் அளித்திருந்தது.

1825இல் அஷ்கனாசிகளில் ஒரு பகுதியினர் பிரிந்து ப்னாய் ஜெஷுரன் சபையைத் தொடங்க, நகரில் ஒரே யூதச் சபை என்ற நிலை முடிந்தது. இப்போதைய கட்டடம் சென்ட்ரல் பார்க் வெஸ்ட் சாலையில் 1897இல் எழுந்தது.