இடது தோள் தழும்பும் நம் மண்ணும்

நம் சுங்குவார்சத்திரம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததல்லவா? அம்மாவட்டக் கிராமங்களில் 1968-இல் உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 2,80,000 பேருக்கு மேல் ஊசி. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத போலி ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கே தெரியாது.

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை நன்றாகக் காத்த ஊசி அது. இங்கே ஏழரை ஆண்டு கழித்துப் பார்த்தால், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவே இல்லை! மறைக்காமல் வெளியிட்டார்களே, அதில் எனக்குப் பெருமை.

காரணம்? ஆய்வாளர்கள் பலர் மண்ணைக் காட்டுகிறார்கள். காசநோய்க் கிருமியின் பங்காளிக் கிருமிகள் நம் மண்ணிலும் தண்ணீரிலும் ஏராளம். ஊசிக்கு முன்பே உடம்பு அவற்றோடு பழகிவிடுவதால், ஊசி புதிதாகச் செய்ய அதிகமில்லையாம். பிறந்த குழந்தையோ இன்னும் மண்ணை மிதிக்கவில்லை. மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அதை இந்த ஊசி காக்கிறது. ஆகவே பேரப்பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள்.

ஒரகடத்தில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளே, தழும்பை நம்பி இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். இலவசம்தான்.