பலகணி வரி

நிலத்தைக் கோலால் அளக்கலாம். நெல்லை மரக்காலால் அளக்கலாம். துணியை முழம்போட்டு அளக்கலாம். ஒரு வீட்டின் பெறுமதியை எதனால் அளப்பது? குடிசைக்கும் மாளிகைக்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் கண் நொடியிலே கண்டுகொள்கிறது. ஆனால் கண் கண்ட அவ்வேற்றுமையைக் கணக்கேட்டில் ஓர் எண்ணாக எழுதவேண்டும் என்று வரும்போது அரசாங்கங்கள் திகைத்துப் போயிருக்கின்றன. இங்கிலாந்து நாட்டு வரலாற்றில் இத்திகைப்பு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நீடித்து வந்திருக்கிறது. அந்நாட்டார் அடுப்பை எண்ணினர், பலகணியை எண்ணினர், வாடகையைக் கணக்கிட்டனர், ஒரு கட்டத்தில் வீட்டை விட்டுவிட்டு ஆட்களின் தலையையே எண்ணிப் பார்த்தனர். ஒவ்வோர் அளவுகோலும் எளியவன் தோளில் எவ்வளவு சுமையை வைத்தது, செல்வன் தோளில் எவ்வளவு வைத்தது என்பதே இங்கு நாம் காணப்போவது.

முதலில் அடுப்பு. இரண்டாம் சார்லஸ் மன்னன் அரியணை ஏறிய இரண்டு ஆண்டுகளில், 1662-இல், பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. வீட்டிலுள்ள கணப்படுப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி. குளிர் மிகுந்த நாட்டில் அறைக்கு ஓர் அடுப்பு வைத்துக்கொள்பவன் செல்வன். ஒற்றை அடுப்பில் சமைத்து, அதன் பக்கத்திலேயே குளிர்காய்ந்து, அங்கேயே உறங்குபவன் ஏழை. ஆகவே அடுப்பின் தொகை செல்வத்தின் தொகையைக் காட்டும் என்று கருதினர். கருத்து முற்றும் தவறு என்று சொல்லிவிட முடியாது. மிக வறியவர்களுக்கு விலக்கும் இருந்தது. ஆயினும் அடுப்பை எண்ண வேண்டுமானால் வரி தண்டுவோன் வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டுமே! சமையற்கட்டிலும் படுக்கையறையிலும் அயலான் ஒருவன் புகுந்து எண்ணிச் செல்வதை அந்நாட்டு மக்கள் பொறுக்கவில்லை. 1689-இல் வில்லியமும் மேரியும் ஆட்சிக்கு வந்தவுடன் அவ்வரியை நீக்கினர். புதிய அரசர் மக்களின் நல்லெண்ணத்தை நாடிச் செய்த முதற் செயல்களுள் அஃதொன்று.

இதே ஆண்டுகளில் நம் சென்னையிலும் வீட்டு வரி பெரும் பூசலுக்கு இடமாயிருந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். கோட்டைக்கு வடக்கேயிருந்த நகரத்து மக்கள், 1686-இல் கும்பினியார் விதித்த வரியைத் திரண்டு எதிர்த்தனர். இலண்டனிலிருந்த கும்பினித் தலைவர் ஸர் ஜோசையா சைல்டு இதற்கு ஒரு வழி கண்டார். நகரத்தாரே தங்களுள் சிலரைக் கொண்டு வரி விதித்துக்கொண்டால் முணுமுணுக்காமல் கொடுப்பர் என்பது அவருடைய எண்ணம். 1687 டிசம்பர் 30 அன்று சாசனம் பிறந்தது; 1688 செப்டம்பர் 29 அன்று நத்தானியேல் ஹிக்கின்ஸன் முதல் மேயராகச் சென்னை நகரசபை தொடங்கிற்று. இந்நாட்டின் முதல் நகரசபைக்கு வித்திட்டது ஒரு வரிப் பூசலே. மேயரும் ஆல்டர்மன்களும் வந்த பின்னரும் மக்கள் எளிதில் வரி கொடுத்துவிடவில்லை என்பது வேறு கதை.

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். அக்காலத்தில் அந்நாட்டு வெள்ளி நாணயங்களின் ஓரத்தை வெட்டி வெட்டி எடுத்துக்கொண்டு, குறைந்த நாணயத்தைப் புழக்கத்தில் விடுவது பெருகிவிட்டது. அவற்றையெல்லாம் திரும்பப் பெற்றுப் புது நாணயம் அடிக்க அரசாங்கம் முற்பட்டது. அதில் நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்யப் பணம் தேவைப்பட்டது. வீட்டுக்கு வரி விதிக்கவேண்டும். ஆனால் வீட்டுக்குள் நுழையக் கூடாது. என் செய்வது? வீதியில் நின்றபடியே எண்ணக்கூடிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் பலகணி. 1696-இல் பலகணி வரி பிறந்தது.

அதன் தொடக்க விகிதம் எளியது. பத்துக்குக் குறைந்த பலகணிகளையுடைய வீட்டுக்கு 2 ஷில்லிங். பத்து முதல் பத்தொன்பது வரை உடையதற்கு 6 ஷில்லிங். இருபதும் அதற்கு மேலும் உடையதற்கு 10 ஷில்லிங். ஏற்றத்தாழ்வுக்கேற்ற வரி என்று முதற் பார்வையில் தோன்றும். ஆனால் இருபது பலகணி உடையவனும் இருநூறு பலகணி உடைய பிரபுவும் அதே 10 ஷில்லிங்கைக் கொடுத்தனர். உச்சியில் நிற்பவனுக்கு மேலே வரி ஏறாத படிக்கட்டு அது. இந்தப் படிக்கட்டை நேயர்கள் மறவாமல் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் இதே வடிவில் அது மீண்டும் வரும்.

1747-இல் விகிதத்தை மாற்றினர். வீட்டுக்கு 2 ஷில்லிங் என்பது நின்றது. அதன்மேல் பலகணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டனர். 10 முதல் 14 வரை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 6 பென்ஸ். 15 முதல் 19 வரை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 9 பென்ஸ். 20-உம் அதற்கு மேலும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 ஷில்லிங். இதிலுள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். 14 பலகணி உடையவன் அவற்றுக்காகக் கொடுப்பது 7 ஷில்லிங். பதினைந்தாவது பலகணியைத் திறந்துவிட்டால், எல்லாவற்றுக்குமே 9 பென்ஸ் வீதம் ஆகி, 11 ஷில்லிங் 3 பென்ஸ் கொடுக்கவேண்டும். ஒரு பலகணியின் விலை 4 ஷில்லிங் 3 பென்ஸ்! கொத்தனைக் கூப்பிட்டு அதைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவதே இலாபம். அவ்வாறே செய்தனர். ஓட்ஸ், ஷ்வாப் என்னும் இரண்டு அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய வரிக் கணக்குகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 9, 14, 19 என்னும் எண்ணிக்கையில் பலகணிகள் உடைய வீடுகளே அளவுக்கு மீறி மிகுந்திருந்தன என்பது அவர்கள் கண்ட உண்மை. வரிச் சட்டத்தின் எல்லைக்கோடுகளை வீட்டுச் சுவர்களிலே படித்துவிடலாம் போலும்.

ஆனால் இது வெறும் வேடிக்கையன்று. பலகணியை அடைத்தவர் எல்லோரும் சிக்கனம் கருதிய நடுத்தரக் குடும்பத்தார் அல்லர். நகரங்களில் ஏழைகள் பலர் பெரிய கட்டடம் ஒன்றில் அறைக்கு ஒரு குடும்பமாக நெருங்கி வாழ்ந்தனர். சட்டத்தின் கண்ணில் அக்கட்டடம் ஒரே வீடு. ஆகவே அதன் பலகணிகள் அனைத்தும் ஒருங்கே எண்ணப்பட்டு, மிக உயர்ந்த விகிதத்தில் வரி விழுந்தது. தனிக்குடிசையில் வாழ்ந்த நாட்டுப்புறத்து ஏழைக்குக் கிடைத்த சலுகை நகரத்து ஏழைக்குக் கிடைக்கவில்லை. ஒன்று, வாடகை ஏறிற்று. அல்லது, பலகணி அடைபட்டது. 1781-இல் கார்லைல் நகரத்தில் நச்சுக் காய்ச்சல் பரவியபோது, ஜான் ஹேஷம் என்னும் மருத்துவர் நோயின் மூலத்தைத் தேடிச் சென்றார். மிக வறிய குடும்பங்கள் சில சேர்ந்து வாழ்ந்த ஒரு வீட்டில் போய் அத்தேடல் நின்றது. வரிக்கு அஞ்சி அவ்வீட்டின் பலகணிகளை, எத்தனை அடைக்க முடியுமோ அத்தனையும் அடைத்திருந்தனர். காற்றும் ஒளியும் புகாத அவ்வீட்டிலிருந்து காய்ச்சல் ஊருக்குள் புறப்பட்டது.

பொருளியல் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வரியின் மேல் வைத்த குற்றச்சாட்டும் இதுவே: இது ஏழையின் மேல் செல்வனைவிடக் கனமாக விழுகிறது. நாட்டுப்புறத்தில் ஆண்டுக்கு 10 பவுன் வாடகை பெறும் வீட்டுக்கு, இலண்டனில் 500 பவுன் வாடகை பெறும் மாளிகையைவிட மிகுதியான பலகணிகள் இருக்கக்கூடும் என்று அவர் எடுத்துக்காட்டினார். நாட்டுப்புறத்தில் இடம் மலிவு. பழைய வீடு பரந்து கிடக்கும். இலண்டனில் ஒரு முழ இடம் பொன் பெறும். பலகணியின் எண்ணிக்கை வீட்டின் பருமையைக் காட்டுமேயன்றி மதிப்பைக் காட்டாது. அறிஞர் சொன்னதை ஆட்சியாளர் கேட்டனரா? எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1784-இல், இளைய பிட் தேயிலைத் தீர்வையை நூற்றுக்கு 119-இலிருந்து பன்னிரண்டரையாகக் குறைத்தபோது, இழந்த வருவாயை மீட்கப் பலகணி வரியையே உயர்த்தினார்! தேநீர் பருகாதவனும் தேநீருக்காகத் தன் பலகணியின் வழியே வரி கொடுத்தான் என்று சொன்னால் மிகையாகாது. மருத்துவர்களும் நகரச் சுகாதாரத்தில் நாட்டங்கொண்டவர்களும் நெடுங்காலம் கிளர்ச்சி செய்த பின்னர், 1851-இல் அவ்வரி ஒழிந்தது. அதன் இடத்தில் வந்தது, வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பின்மேல் விதிக்கும் வரி. ஆண்டுக்கு 20 பவுனுக்குக் குறைந்த மதிப்புடைய வீடுகளுக்கு அவ்வரி இல்லை.

இதுகாறும் கூறியவை அரசாங்கக் கருவூலத்துக்குச் சென்ற வரிகள். ஊர்ச் செலவுக்கு ஊராரிடம் வாங்கிய வரி வேறு. 1601-ஆம் ஆண்டின் ஏழையர் காப்புச் சட்டத்திலிருந்தே அது தொடங்குகிறது. ஒரு வீட்டை ஆண்டுக்கு என்ன வாடகைக்கு விடலாம் என்று மதிப்பிட்டு, அம்மதிப்பில் பவுனுக்கு இத்தனை பென்ஸ் என்று வாங்கினர். 1836-இல் இம்முறை சட்ட வடிவம் பெற்றது. நம் நாட்டு நகராட்சிகள் ஆண்டு வாடகை மதிப்பின்மேல் வீட்டு வரி விதித்து வந்த முறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அடுப்பையும் பலகணியையும் எண்ணுவதைவிட இது செம்மையான முறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதிலும் ஓர் அநீதி மறைந்திருந்தது. அதை வெளிப்படுத்தியவர்கள் கிழக்கு இலண்டனில் பாப்ளர் என்னும் பேட்டையின் மக்கள்.

பாப்ளர், துறைமுகக் கூலிகள் வாழ்ந்த இடம். முதல் உலகப்போருக்குப் பின் வேலையின்மை தலைவிரித்தாடிற்று. ஒவ்வொரு பேட்டையும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும் என்பது அன்றைய சட்டம். செல்வர் வாழும் மேற்கு இலண்டனில் ஏழைகள் குறைவு, வீடுகளின் மதிப்போ மிகுதி. ஆகவே பவுனுக்குச் சில பென்ஸ் வாங்கினாலே போதும். பாப்ளரில் ஏழைகள் மிகுதி, வீடுகளின் மதிப்போ குறைவு. ஆகவே பவுனுக்குப் பன்மடங்கு வாங்கவேண்டும். மாளிகைக்குக் குறைந்த விகிதம். குச்சு வீட்டுக்கு உயர்ந்த விகிதம்! யாரும் திட்டமிட்டுச் செய்த கொடுமையன்று இது. எல்லைக்கோடு செய்த கொடுமை. ஜார்ஜ் லான்ஸ்பரியின் தலைமையில் பாப்ளர் மன்றத்தார் 1921-இல் ஒரு முடிவுக்கு வந்தனர். இலண்டன் மாவட்ட மன்றத்துக்கும் காவல்துறை முதலிய பொது அமைப்புகளுக்கும் சேரவேண்டிய தொகையைத் தம் மக்களிடமிருந்து வாங்கித் தரமாட்டோம் என்றனர். நீதிமன்றம் அழைத்தது. ஜூலை 29 அன்று கொடி பிடித்து, பாட்டாளி மக்கள் உடன்வர, அவர்கள் ஊர்வலமாகவே நீதிமன்றத்துக்குச் சென்றனர். கட்டளைக்கு அடங்காமையால் மன்ற உறுப்பினர் 30 பேர் சிறைப்பட்டனர், அவர்களுள் பெண்களும் இருந்தனர், ஒருவர் கருவுற்றிருந்தார். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் விடுதலை வந்தது. அவ்வாண்டிலேயே பார்லிமெண்டு சட்டம் இயற்றி, ஏழையர் காப்புச் செலவை இலண்டன் பேட்டைகள் அனைத்துக்கும் பொதுவாக்கிற்று. சிறை சென்றவர்களுள் ஒருவராகிய மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகள், 1922-ஆம் ஆண்டின் முதல் நாளன்று நுரையீரல் காய்ச்சலால் உயிர் நீத்தார். அவருக்கு வயது 32.

வாடகை மதிப்பு வரிக்கு வேறொரு குறையும் இருந்தது. வருவாயில் பெரும்பகுதியை வாடகைக்கே கொடுப்பவன் ஏழை. ஆகவே வாடகையை ஒட்டிய வரியும் அவன் வருவாயில் பெரும்பகுதியை விழுங்கும். 1965-இல் வெளிவந்த ஆலன் குழுவின் அறிக்கை இதைக் கணக்கோடு காட்டிற்று. அடுத்த ஆண்டே எளியவர்களுக்கு வரிக் கழிவு அளிக்கச் சட்டம் வந்தது. வீட்டு மதிப்புகளை அவ்வப்போது திருத்தாமல் விட்டதும், திருத்தியபோது வரி திடீரென்று தாவியதும் மக்களுக்கு வெறுப்பையே வளர்த்தன. ஸ்காத்லாந்தில் 1985-இல் நடந்த மறுமதிப்பீட்டைத் தொடர்ந்து எழுந்த கூக்குரலைக் கேட்டு, தாச்சர் அம்மையாரின் அரசாங்கம் வீட்டு வரியையே ஒழிக்கத் துணிந்தது. அதற்கு மாறாக ஆளுக்கு இவ்வளவு என்னும் தலைவரி ஸ்காத்லாந்தில் 1989-இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-இலும் வந்தது. ஓர் ஊரில் கோமகனுக்கும் அவன் தோட்டக்காரனுக்கும் ஒரே தொகை. மாணவர்க்கும் மிக வறியவர்க்கும் ஐந்தில் ஒரு பங்கு என்று சலுகை இருந்தும், கோடிக்கணக்கானோர் கொந்தளித்தனர். 1990 மார்ச்சு 31 அன்று இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் பெருங்கலவரம் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் தாச்சர் பதவி விலகினார். அதற்குக் காரணங்கள் பல. தலைவரியும் அவற்றுள் ஒன்று.

தலைவரி போயிற்று, வீட்டு வரி புதுப் பெயருடன் 1993 ஏப்ரலில் திரும்பி வந்தது. விரைந்து மதிப்பிட வேண்டியிருந்தமையால், வீடு ஒவ்வொன்றின் விலையையும் நுணுகிப் பார்க்க நேரமில்லை. எட்டு வகுப்புகள் வகுத்து, எந்த வீடு எந்த வகுப்பில் அடங்கும் என்று மட்டும் பார்த்தனர். மதிப்பிடுவோர் பலர் வண்டியை வீதியில் மெல்லச் செலுத்தியவாறே வீட்டின் வெளித்தோற்றத்தைக் கண்டு வகுப்பைக் குறித்தனர். 1696-இல் வீதியில் நின்று பலகணியை எண்ணியவனுடைய வழித்தோன்றல்கள் இவர்கள்!

அந்த வகுப்புகளைச் சற்றே நோக்குவோம். 1991 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தில் 40,000 பவுனும் அதற்குக் குறைவும் பெறக்கூடிய வீடு முதல் வகுப்பு. 3,20,000 பவுனுக்கு மேற்பட்டது எட்டாம் வகுப்பு. இரண்டுக்கும் இடையே விலையில் எட்டு மடங்குக்கு மேல் வேற்றுமை. வரியிலோ மும்மடங்குதான். எட்டாம் வகுப்புக்கு மேல் படியே இல்லை. 4,00,000 பவுன் வீடும் 40,00,000 பவுன் மாளிகையும் ஓர் ஊரில் இருந்தால் அவற்றுக்கு ஒரே வரி. இருபது பலகணியும் இருநூறு பலகணியும் பத்து ஷில்லிங் கொடுத்த அதே படிக்கட்டு!

வேல்ஸ் நாட்டார் 2003-ஆம் ஆண்டு விலைகளைக் கொண்டு மறுமதிப்பீடு செய்து, 2005-இல் ஒன்பதாம் வகுப்பு ஒன்றையும் சேர்த்தனர். இங்கிலாந்தில் அதுவும் நடைபெறவில்லை. வரி ஏறியவர்களின் சினத்துக்கு அஞ்சி, ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு கட்சியும் மறுமதிப்பீட்டைத் தள்ளிப்போட்டது. இலண்டனிலே வீட்டு விலை எத்தனையோ மடங்கு ஏறிற்று. வடபுலத்துத் தொழில் நகரங்களில் அத்துணை ஏறவில்லை. இரண்டும் பழைய வகுப்பிலேயே இருக்கின்றன. இங்கிலாந்தில் இன்று ஒருவர் புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்தாரானால், அந்த வீடு 1991 ஏப்ரல் முதல் நாளில் இருந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கணக்கிட்டுத்தான் மதிப்பீட்டு அலுவலர் அதற்கு வகுப்புக் குறிக்கிறார்.