வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன நாலாம் பிரிவு

2020 ஜனவரி 31-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறின பிரிட்டன், மார்ச் 23-ல் வீட்டுக்குள்ள முடங்குச்சு. மறுநாள் சாயங்காலம் தமிழ்நாட்டுல 144. ஏப்ரல் 26 முதல் 28 வரை எங்க சேலம் மாநகராட்சியில முழு ஊரடங்கு, மளிகைக்கடைகூடக் கிடையாதுங்க.

இதுக்கெல்லாம் கைகொடுத்த சட்டங்களில் ஒண்ணு, பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் 1897-ல் போட்டது. அதோட 4-ஆம் பிரிவு என்ன சொல்லுது? இந்தச் சட்டத்தின் கீழ நல்லெண்ணத்தோட செஞ்ச காரியத்துக்காக யார் மேலயும் வழக்குப் போட முடியாது.

அங்கே, ஊரடங்கை அறிவிச்ச பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கே, 2020 ஜூன் மாசப் பிறந்தநாள் கூட்டத்துக்காக 2022 ஏப்ரல்ல போலீஸ் அபராதம் போட்டுச்சு. இங்கே வெளியே வந்தவனைத் தோப்புக்கரணம் போட வெச்சாங்க. அந்தத் தண்டனை எந்தச் சட்டத்துல இருக்கு? கேட்டா, அதே 4-ஆம் பிரிவைக் காட்டுவாங்களோ? ஆனா அது இந்தச் சட்டத்தின் கீழ நல்லெண்ணத்தோட செஞ்சதுக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?