கோடீஸ்வரன் வழக்கும் மேன்முறையீட்டின் அரசியலும்

முதனிலை நீதிமன்றம் சாட்சியங்களைக் கேட்டு நிகழ்ந்தது யாதெனத் துணியும். மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் வழக்கேட்டை வாசித்து, சட்டம் முறையாகப் பிரயோகிக்கப்பட்டதா எனப் பார்க்கும். சட்ட நூல்கள் கூறும் இவ்வேறுபாடு, 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் மாவட்ட நீதிமன்றங்களையும் அவற்றுக்கு மேலாக உயர் நீதிமன்றத்தையும் ஒழுங்கமைத்த காலந்தொட்டு இலங்கையில் வேரூன்றியதாகும். அதற்கும் மேலே, இலண்டனில், கோமறைக் கழகம் இருந்தது. ஆயின், எவ்வினாவுக்கு விடை கூறுவது, எதனை விடுத்துச் செல்வது என்று தெரிந்தெடுக்கும் அதிகாரமும் மேலே செல்லச் செல்ல மிகுகின்றது என்பதை அந்நூல்கள் அழுத்திக் கூறுவதில்லை. கோடீஸ்வரன் வழக்கை இந்நோக்கிலேயே நாம் அணுகுகின்றோம்.

அரசாங்க எழுதுவினைஞரான கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1961 ஆம் ஆண்டின் திறைசேரிச் சுற்றுநிருபத்தின்படி அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். முன்வைக்கப்பட்ட வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதவேண்டியவர் முதனிலை நீதிபதி. ஓ. எல். டி கிரெட்சர் 1964 இல் அவ்வாறே எழுதினார்: 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம், சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லுபடியாகாது.

சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். 1967 இல் உயர் நீதிமன்றம் மொழிச் சட்டத்தைத் தொடவேயில்லை. முடிக்குரிய ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காட முடியாது என்று கூறிக் கீழ்மன்றத் தீர்ப்பை மாற்றியது. உழைத்தவன் கூலியைக் கேட்டு எசமானனை மன்றுக்கு அழைக்கலாமா என்பதே இங்குள்ள வினா. எசமானன் அரசு என்பதால் அதன் வர்க்கத் தன்மை மறைந்துவிடாது. இவ்வழக்கை உத்தியோகத்தர் பிரச்சினையென ஒதுக்கிவிடும் முற்போக்கு நண்பர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

1969 இல் கோமறைக் கழகம் ஊழியன் வழக்காடலாம் என்றது. யாப்பு வினாவையோ, உயர் நீதிமன்றத்தின் கருத்து முதலில் வேண்டுமெனத் திருப்பி அனுப்பியது. ஐந்து ஆண்டுகளில் இரண்டு மேன்மன்றங்களைக் கடந்த பின்னரும், மாவட்ட நீதிபதி ஒருவர் நேர்நின்று கூறிய விடைக்கு ஆம் என்றோ அன்று என்றோ எவரும் கூறவில்லை.

அவ்வினா பின்னர் தீர்மானிக்கப்படவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. ஏகாதிபத்தியத் தளையொன்றை அறுத்தமையால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் 1972 ஆம் ஆண்டு யாப்பில் 29 ஆம் பிரிவு இடம்பெறவில்லை; மாறாக, சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்பது யாப்பிலேயே ஏறியது. அவ்யாப்பின் ஆக்கத்துக்குப் பொறுப்பான அமைச்சர், 1956 இல் அதே மொழிச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்ற இடதுசாரியான கொல்வின் ஆர். டி சில்வா.